நாடு விட்டுப் போனவரின் கதையைத் தோட்டத்தில் கூடிப் பார்ப்பதற்கு

தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து நின்ற ஒருவர், கைதும் தனிச்சிறையும் தடையுத்தரவும் கண்ட பிறகு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டே போய்விடுகிற கதையைச் சொல்லும் தொலைக்காட்சி நாடகமொன்றைத் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் சனசமூக நிலையத்தில் இரண்டு தடவை காட்டியிருக்கிறேன். முதல் தடவை அதைப் போராட்டக் கதை என்று சொல்லித் தொடங்கினேன். பொலிஸ் வருகிற இடங்களில் கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. குடும்பம் கப்பலேறியதும் கதை முடிந்துவிட்டதென்று பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பகுதிகள் வெறுங் கதிரைகளுக்கு ஓடின. இரண்டாவது தடவை, அந்தக் கப்பலேறும் காட்சியையே நடுவில் வைத்து, அதற்கு முன்னுள்ளதையும் பின்னுள்ளதையும் அங்கிருந்து பார்க்கும்படி ஒழுங்கு செய்தேன். எழுந்து போனவர் எவருமில்லை. இப்படியான நாடகத்தை மலையகத்தில் கூடிப் பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் வாசிகசாலைக்காரர்களுக்கும் இளைஞர் கழகங்களுக்கும் நான் சொல்ல விரும்புவதும் அதுவே: போவதை நடுவில் வையுங்கள். போவது என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

நாளும் நேரமும் முதலில். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை இந்த வேலையில் இறங்க வேண்டாம். தகரக் கூரையில் மழை இறங்கினால் ஒலிபெருக்கி வைத்தாலும் ஒரு வசனமும் கேட்காது. சனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வானம் ஒத்துழைக்கும். மாலை ஆறரை மணி என்று அறிவித்தால் ஆண்கள் மட்டுமே வருவார்கள்; மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்ணுக்கு அந்த நேரத்தில்தான் அடுப்படி வேலை தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி, அல்லது போயா தினம், பொருத்தமானது. யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, மல்டிமீடியா புரொஜெக்டரை இரவல் வாங்கி, சுவரில் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பை இழுத்துக் கட்டினால் போதும். பொது இடத்தில் காட்டுவதற்கு உரிமையாளரின் அனுமதி தேவை; 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எங்கள் சனசமூக நிலையத்துக்கும் பொருந்தும். காட்டுவதன் நோக்கத்தை விளக்கி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

இந்த நாடகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். எழுத்தோட்டத்தை வாசித்துக்கொண்டு படத்தையும் பார்ப்பது உயர்தர மாணவருக்கே சிரமம். நல்ல குரலுள்ள ஒருவர், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை படத்தை நிறுத்தி, நடந்ததை நாலைந்து வாக்கியத்தில் தமிழில் சொல்லட்டும். அவர் முழு நாடகத்தையும் முன்னதாக இரண்டு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். பொலிஸ் அதிகாரி திடீரென்று ஆபிரிக்கான்ஸ் மொழிக்கு மாறினால் அதை உடனே மொழிபெயர்க்காமல், மொழி மாறியது என்பதை மட்டும் சொல்லுங்கள். அதிகாரியின் மொழி புரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று பிரதேச செயலகத்தில் சிங்களப் படிவத்தோடு நின்ற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1976 யூன் 16 அன்று சொவெட்டோவில் மாணவர்கள் வீதிக்கு இறங்கியதே அந்த மொழியில் பாடம் படிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டதனால்தான் என்பதைப் பிறகு சொல்லலாம்.

முதற் பகுதியைப் போடுவதற்கு முன் இருபது நிமிடம் பின்னணி சொல்ல வேண்டும். இதை 1948இலிருந்து தொடங்குவதே நல்லது. அந்த ஆண்டு மே மாதத்தில் தேசியக் கட்சி தென்னாபிரிக்காவில் ஆட்சியைப் பிடித்து, இனவொதுக்கலைச் சட்டமாக்கத் தொடங்கியது. அதே 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, இரண்டும் ஒன்றென்று சொல்லாமல் விட்டுவிடுங்கள். பார்வையாளர்களே கேட்பார்கள். ஆண்டு ஒன்றாக இருப்பது தற்செயல். ஆனால், இங்கே பிறந்து வளர்ந்து உழைக்கிறவனை இந்த மண்ணுக்கு உரியவன் இல்லை என்று ஒரு சட்டத்தால் சொல்லிவிட முடியும் என்ற எண்ணம் தற்செயலானதல்ல.

அடுத்து, 1950இன் சட்டங்கள். மக்களை இனவாரியாகப் பதிவு செய்த சட்டம், எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த சட்டம், கம்யூனிசத்தை ஒடுக்குவதாகச் சொல்லி எந்த எதிர்ப்பாளரையும் முடக்க வழி செய்த சட்டம் ஆகிய மூன்றும் அந்த ஆண்டில் வந்தன. 1952க்குப் பிறகு, பதினாறு வயதைத் தாண்டிய ஆபிரிக்கர்கள் எந்நேரமும் பாஸ் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அதில் முதலாளி மாதாமாதம் கையொப்பமிட வேண்டும். இதை விளக்க எங்களிடமே ஒரு சொல் இருக்கிறது: துண்டு. தொழிலாளியின் கடன் தொகையை எழுதி, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு அவரை விடுவிப்பதாகத் துரை கொடுத்த சீட்டு அது. அந்தத் துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அது 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. தாத்தாவின் தாத்தா வாயிலாகக் கேட்ட அந்தச் சொல்லைச் சொன்னதும், பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "அப்ப அங்கயும் துண்டு இருந்திருக்கு" என்றார். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

"எங்க ஆட்கள் அங்க இருந்தாங்களா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத் தொழிலாளர்களோடு டேர்பனில் கரையடைந்தது. எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த அதே காலம், அதே மாகாணம். தில்லையாடி வள்ளியம்மை யொஹான்னஸ்பேர்க்கில் பிறந்தவர்; காந்தி அங்கே தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914இல் பதினாறு வயதில் இறந்தார். அந்தச் சத்தியாக்கிரகத்தை முன்னின்று நடத்திய தம்பி நாயுடுவின் பேத்தி சாந்தி நாயுடு, வின்னி மண்டேலாவுக்கும் தோழர்களுக்கும் எதிராகச் சாட்சி சொல்ல மறுத்ததனால் 1969இல் தொடங்கி ஓராண்டுக்கும் மேலாகச் சிறையிலிருந்து, 1972இல் நாட்டை விட்டு வெளியேறினார். நாடகத்தின் நாயகர் வெள்ளையராக இருந்தாலும், தமிழ்ப் பெயருள்ள ஒருவரும் அதே வாசலால் வெளியேறியிருக்கிறார் என்று அறிந்து பார்ப்பது வேறாக இருக்கிறது.

தடையுத்தரவை மட்டும் அவசரப்படாமல் விளக்குங்கள். நாடகத்தில் ஒருவர் சிறையில் இல்லை, வீட்டில் இருக்கிறார், தேநீர் குடிக்கிறார்; அப்படியிருக்க ஏன் நாட்டை விட்டுப் போகிறார் என்ற கேள்வி இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் தீராது. தடையுத்தரவு பெற்றவர் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக் கூடாது. அவர் எழுதியதையோ பேசியதையோ எந்தப் பத்திரிகையும் மேற்கோள் காட்டக் கூடாது. குறித்த நீதவான் எல்லையைத் தாண்டக் கூடாது. தடைசெய்யப்பட்ட இன்னொருவரோடு பேசக் கூடாது. கணவன், மனைவி இருவருமே தடைசெய்யப்பட்டிருந்தால், தம்முள் பேசிக்கொள்வதற்குத் தனியாக விலக்கு வாங்க வேண்டும். இதை ஒரு சிறு பயிற்சியாகவே செய்து காட்டலாம். ஒரு மாணவரை நடுவில் இருத்தி, அவரோடு பேசிக்கொண்டிருக்கிற தோழர் பக்கத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து நின்றால் இவர் எழுந்து போய்விட வேண்டும் என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் அப்படி விடுங்கள். எங்கள் நிலையத்தில் அந்தப் பிள்ளை ஆறாவது நிமிடத்தில், "சேர், நான் வெளிய போயிறவா?" என்று கேட்டது.

பிறகுதான் நாட்டை விட்டுப் போகிறவர் கையில் வைத்திருக்கிற பத்திரத்தைப் பற்றிப் பேச வேண்டும். 1955இன் சட்டம் ஒன்றின் கீழ் வெளியேறல் அனுமதி என்று ஒன்று வழங்கப்பட்டது. அதை வாங்கிக்கொண்டு போகிறவர் திரும்பி வந்தால் அது குற்றம். மொழிபெயர்த்துச் சொல்கிறவர் இதை விசா என்று சொல்லிவிடக் கூடாது. நான் முதல் தடவை அப்படிச் சொல்லித்தான் கெடுத்தேன். விசா என்பது போகிற வீட்டின் கதவு. இது விட்டுப் போகிற வீட்டின் கதவு. வெளியே கால் வைத்ததும் உள்ளே தாழ் விழுந்துவிடும். நிறவெறி ஆட்சியை எதிர்த்த பத்திரிகையாளர் ரூத் ஃபர்ஸ்ட் 1963இல் தொண்ணூறு நாள் தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு, விடுதலை என்று சொல்லி வீதிக்கு விடப்பட்ட உடனேயே மீண்டும் கைதாகி, மொத்தம் 117 நாள் தனிமையில் இருந்தவர். 1964இல் இந்தப் பத்திரத்தோடுதான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இலண்டன் போனார். போனதோடு ஆட்சி அவரை விட்டுவிடவில்லை. 1982இல் மொசாம்பிக்கின் மபுட்டோவில் தபாலில் வந்த குண்டு அவரைக் கொன்றது. டொனால்ட் வூட்ஸ் போன்றவர்கள் அந்தப் பத்திரமும் இல்லாமல் போனார்கள்: கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தின் தலைவர் ஸ்டீவ் பீக்கோ 1977 செப்டெம்பரில் பொலிஸ் காவலில் இறந்ததை அம்பலப்படுத்தியதற்காகத் தடைசெய்யப்பட்ட அந்தப் பத்திரிகை ஆசிரியர், அந்த ஆண்டின் கடைசி இரவில் பாதிரியார் வேடத்தில் அயல்நாடான லெசோத்தோவுக்குத் தப்பினார். நாடகத்தில் போகிறவர் எந்த வழியால் போகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்திரத்தோடு போகிறவருக்குக் கையசைக்க ஆள் வரலாம். தப்பிப் போகிறவர் தாயிடம்கூடச் சொல்லக் கூடாது.

இனி, படம் ஓடும்போது எதைப் பார்ப்பது? எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னால் ஒன்றும் பதியாது. எங்கள் கூட்டத்துக்கு நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: அந்த வீட்டின் சமையலறைப் பெண்ணைப் பின்தொடருங்கள். வெள்ளையர் வீட்டைக் காட்டுகிற நாடகமென்றால் அப்படியொருவர் அநேகமாக இருப்பார். அவர் எங்கே தூங்குகிறார், யாருடைய பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறார், அவருடைய சொந்தப் பிள்ளை எங்கே வளர்கிறது, பொலிஸ் வந்தால் அவரிடம் முதலில் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். பதினைந்து வயதில் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போய்வந்த பெண்கள் எங்கள் லயங்களில் இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் பின்னறையை ஒரு பார்வையில் அடையாளம் கண்டார்கள். குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டு போன பிறகு, கமெரா அவர்களோடு துறைமுகத்துக்குப் போய்விடுகிறது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "அந்த அக்காவுக்கு அப்புறம் யாரு கையெழுத்து வைப்பாங்க?" என்று கேட்டாள். முதலாளி போய்விட்டால் பாஸ் புத்தகத்தில் அந்த மாதக் கையொப்பம் இல்லை. கையொப்பம் இல்லாவிட்டால் அந்த நகரத்தில் இருக்க உரிமையில்லை. நாடகம் கேட்காத கேள்வி அது. நாயகரின் துணிவை மதிக்கிற அதே மனதோடு, போவதற்குக் கடவுச்சீட்டும் கப்பல் கட்டணமும் கைகொடுக்க வெளிநாட்டு நண்பர்களும் யாருக்கு இருந்தன என்றும் கேட்கப் பழக்குங்கள்.

சிறு பொருள்களும் காலத்தைச் சொல்லும். 1960களின் கதையில் அந்த வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கக் கூடாது. அவ்வளவு செல்வமுள்ள நாடாக இருந்தும் தென்னாபிரிக்காவில் முறையான தொலைக்காட்சிச் சேவை 1976 சனவரி 5 அன்றுதான் தொடங்கியது. ஆட்சியாளர்கள் அதை அஞ்சி நெடுங்காலம் தள்ளிப்போட்டார்கள். எங்களுக்கு ஐ.டி.என். 1979இலும் ரூபவாஹினி 1982இலும் வந்தன. ஆகவே அந்த வீட்டில் செய்தி வருவது வானொலியிலும் பத்திரிகையிலும், கதவைத் தட்டுகிற ஓசையிலும்தான். ஷார்ப்வில்லில் 1960 மார்ச் 21 அன்று 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வருகிற காட்சி இருந்தால், அது எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்.

கப்பலேறும் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, தேநீர் கொடுங்கள். இது இடைவேளை அல்ல, நிகழ்ச்சியின் மையம். இங்கேதான் எங்கள் கதை உள்ளே வர வேண்டும்.

1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. கரும்பலகையில் இந்த எண்களை எழுதிக் கூட்டிக் காட்டுங்கள். அதன் பின் எண்களை விட்டுவிட்டு ஒரு வீட்டைச் சொல்லுங்கள். நான் என் அத்தையைச் சொன்னேன். தகர றங்குப்பெட்டியின் மூடியில் மாமாவின் பேரையும் ஓர் இலக்கத்தையும் வெள்ளைப் பெயின்ரால் எழுதியிருந்தார்கள். பெயின்ற் காய்வதற்குள் யாரோ சாய்ந்து, கடைசி எழுத்து இழுபட்டிருந்தது. புறப்படும் காலையில் அத்தை காம்பராவைக் கூட்டி, அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி, இஸ்தோப்பைச் சாணியால் மெழுகி, கதவைப் பூட்டினார். பூட்டிய பிறகு சாவியை யாரிடம் கொடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். கணக்கப்பிள்ளை வந்து கையை நீட்டும்வரை அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். ஹட்டன் ஸ்டேசனில் தலைமன்னாருக்குப் போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுத அழுகையினால்தான் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வந்தது. அப்போது எனக்கு ஏழு வயது.

இதைச் சொல்வதற்குக் காரணம் அழ வைப்பதல்ல. சொன்ன பிறகு இரண்டு கதைகளையும் பிரித்துப் பார்க்கும் வேலை இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் எல்லாத் துன்பமும் ஒன்றே என்ற சோம்பலில் கூட்டம் கலைந்துவிடும். நாடகத்தின் நாயகர் ஆட்சியை எதிர்த்ததற்காகத் துரத்தப்பட்டார். அவருடைய பேர் அரசுக்குத் தெரியும். என் அத்தை எதையும் எதிர்க்கவில்லை. அவர் ஓர் எண்ணிக்கைக்குள் ஒருவர். நாயகர் போவதா நிற்பதா என்று இரவெல்லாம் மனைவியோடு வாதாடுகிறார். எங்கள் மக்களைக் கேட்காமலே பங்கீடு முடிந்துவிட்டது. அதன் பிறகு கொடுத்த விண்ணப்பப் படிவத்தில் எந்த நாடு என்று எழுத வேண்டியிருந்தது, 1973, 74 ஆண்டுகளின் பஞ்சத்தில் வயிறு ஒட்டிக் கிடந்தவர்கள் பலர் அந்த நேரத்தில் போக முடிவு செய்தார்கள். நாயகர் அந்நிய நாட்டுக்குப் போகிறார்; அத்தையைத் தாய்நாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். நீலகிரியில் அவரைக் கடைசிவரை சிலோன்காரி என்றுதான் அழைத்தார்கள். இந்த வேறுபாடுகளை இளைஞர்களே பேசிக் கண்டுபிடிக்க அரை மணி நேரமாவது கொடுங்கள். தலைவர்மார் முதலில் பேசினால் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். ஆகவே கதவுப் பக்கம் நிற்கிற பெண்ணிடமும், மிக இளையவரிடமும் முதற் கேள்வியைக் கேட்டு, பெரியவர்களைக் கடைசிக்கு வையுங்கள். மரியாதைக் குறைவென்று நினைப்பார்களோ என்ற பயம் இருந்தால் முன்னாளே அவர்களுடைய வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். எங்கள் தோட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை.

குடும்பம் இலண்டனில் வாழ்கிற பகுதிகளை இதற்குப் பிறகு போடுங்கள். முதல் தடவை சலிப்பாகத் தெரிந்த காட்சிகள் இப்போது பேசத் தொடங்கும். பிள்ளை பாடசாலையில் உச்சரிப்பை மாற்றிக்கொள்கிறது. அப்பா கூட்டங்களுக்குப் போய்ப் பேசுகிறார், வீட்டில் பேசுவதில்லை. அம்மா ஊர்ப் பழத்தைக் கடையில் கண்டும் வாங்காமல் வருகிறார். அந்தப் பழக் காட்சி இருந்தால் நிறுத்தி விளக்குங்கள்: 1959இல் இலண்டனில் தொடங்கிய புறக்கணிப்பு இயக்கம் மக்களிடம் கேட்டது தென்னாபிரிக்கப் பொருள்களை வாங்காதீர்கள் என்பதையே, அதுவே பிறகு நிறவெறி எதிர்ப்பு இயக்கமாக வளர்ந்தது. தாய் இறந்த செய்தி வந்தும் போக முடியாத காட்சி வரும்போது ஒன்றும் விளக்க வேண்டாம்.

உண்மையையும் நாடகத்தையும் பிரிக்க ஒரு கொப்பி போதும். இடப்பக்கத்தில் நாடகத்தில் கண்ட சட்டம், ஆண்டு, சம்பவம். வலப்பக்கத்தில் நூலகத்தில் தேடிக் கண்டது. வழக்கு விசாரணையும் சட்டங்களும் பெரும்பாலும் பொருந்தும். வீட்டுக்குள் பேசிய பேச்சு எழுத்தாளருடையது. முடிவில் நாயகர் திரும்பி வருவதாகக் காட்டினால் ஆண்டைப் பாருங்கள். 1990 பெப்ரவரி 2 அன்று தடைகள் நீக்கப்பட்ட பிறகுதான் வெளிப்படையாகத் திரும்ப முடிந்தது. எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல் 1994 ஏப்ரல் 26இல் தொடங்கியது. எங்களில் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் வந்தது. அதற்குள் போனவர்கள் போயிருந்தார்கள்.

நாடகம் முடிந்த வாரத்துக்குள், உறவினரை வழியனுப்பிய பெரியவர்களிடம் மாணவர்களை இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். கைத்தொலைபேசியில் பதியலாம், ஆனால் அதற்கு அனுமதி கேட்டு, பதிந்ததைப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்ற பகுதியை அங்கேயே அழித்துவிட வேண்டும். "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "என்னத்தச் சொல்ல, கஷ்டந்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெட்டியில் என்ன வைத்தார்கள், எதை விட்டுப் போனார்கள், ஆட்டை யாருக்கு விற்றார்கள், முதல் நாள் இரவு என்ன சமைத்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இந்தக் கடைசிக் கேள்விக்கு, "ரொட்டியும் கட்டச் சம்பலும். கோச்சிக்கும் அதத்தான் கட்டிக் குடுத்தேன்" என்று தொடங்கி, ஒன்றரை மணி நேரம் பேசினார். பதிவின் ஒரு பிரதியை அந்த வீட்டிலும், ஒன்றை வாசிகசாலையிலும் வையுங்கள். உறையின் மேல் தோட்டத்தின் பேரையும், டிவிசனையும், பதிந்த தேதியையும் எழுத மறக்க வேண்டாம்.